பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

ஆண் குழந்தைக்குப் பழைய காலத்துப் பெயர் வைப்பது பற்றி வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். குடும்ப விஷயம் என்பதால் எழுதியவர்களின் பெயரைப் போடவில்லை. ஊர் மட்டும் இருக்கிறது.

மாமனார் பெயர் ஏழுமலை. மகனுக்கு அதையே வைக்க வேண்டும் என்கிறார் என் கணவர். எனக்கு மறுப்பில்லை. ஆனால் நாளைக்குப் பள்ளியில் பிள்ளைகள் கிண்டல் செய்தால்?
– வாசகி, குடியாத்தம்

கிண்டல் பெரும்பாலும் பெயரைச் சுருக்குவதில்தான் தொடங்கும். ஏழுமலையை 'ஏழு' என்பார்கள். உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருந்தால் 'மலை' என்பார்கள். இரண்டும் தாங்கக்கூடியவைதான். வகுப்பில் கிருத்திக் என்று நாலு பேர், தர்ஷன் என்று மூன்று பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஏழுமலை ஒருவன்தான் இருப்பான். டீச்சருக்கு அவன் பெயர் முதல் நாளே மனப்பாடமாகிவிடும்.

எந்தப் பெயரானாலும் முடிவு செய்யும் முன் மூன்று விதமாக வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தெருமுனையில் விளையாடும் பையனைச் சாப்பிடக் கூப்பிடுவதுபோல ஒருமுறை. வருகைப் பதிவேட்டில் வாசிப்பதுபோல இனிஷியலோடு ஒருமுறை. பிறகு முதல் இரண்டு எழுத்தையும் கடைசி இரண்டு எழுத்தையும் தனித்தனியாக. இனிஷியலை மட்டும் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் 'கே' என்று தொடங்கும் அப்பாவுக்கு 'டி'யில் தொடங்கும் பெயருள்ள மகன் என்றால், அவன் படித்து முடிக்கிற வரைக்கும் 'கேடி'தான்.

முனுசாமி, குப்புசாமி, பக்கிரிசாமி போன்ற பெயர்களைச் சினிமா நகைச்சுவைக் காட்சிகள் ரொம்பவே தேய்த்துவிட்டன என்பது உண்மை. ஏழுமலைக்கு அந்தச் சுமை கிடையாது. தாராளமாக வையுங்கள்.

மாமனார் பெயரை நான் வாயால் சொல்லக் கூடாதாம். பிள்ளைக்கும் அதே பெயர் வைத்தால் நான் எப்படிக் கூப்பிடுவது, எப்படித் திட்டுவது?
– வாசகி, ஆரணி

திட்டுவதுதான் நிஜமான சிக்கல். கூடத்தில் மாமனார் உட்கார்ந்திருக்க, "டேய் துரைசாமி, அறிவிருக்கா உனக்கு?" என்று அடுக்களையிலிருந்து குரல் போனால் வீடு ஒரு நிமிடம் அமைதியாகிவிடும்.

இதற்கு நம் பக்கத்து வீடுகளில் எப்போதும் இருக்கிற வழி, கூப்பிட ஒரு பெயர், எழுத ஒரு பெயர். சாமி, துரை, ராஜா, அப்பு என்று ஏதாவது ஒன்று. இதில் ஒரே ஒரு எச்சரிக்கை உண்டு: கூப்பிடும் பெயர் எந்தத் தாளிலும் ஏறக் கூடாது. பால்வாடிப் பதிவேட்டில் 'அப்பு', தடுப்பூசி அட்டையில் 'ராஜா', பிறப்புச் சான்றில் 'துரைசாமி' என்று மூன்று இடத்தில் மூன்று பெயர் இருந்தால், பள்ளியில் சேர்க்கும்போது மூவரும் ஒரே பிள்ளை என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும்.

எழுத்தாளர் மு.வ.வுக்கு இதுதான் நடந்தது. வாலாஜாப்பேட்டை பக்கம் வேலத்தில் 1912-ல் பிறந்த அவருக்கு முதலில் வைத்த பெயர் திருவேங்கடம். வீட்டில் தாத்தா பெயரான வரதராசன் என்று அழைக்கப் போய், கடைசியில் அதுவே நிலைத்துவிட்டது. அந்தக் காலத்தில் அது தானாக நடந்தது. இப்போது நடந்தால் வக்கீல், அரசிதழ் என்று அலைய வேண்டியிருக்கும்.

எங்கள் வடஆற்காட்டு மண்ணுக்கே உரிய பழைய ஆண் பெயர்கள் எவை? எல்லா ஊரிலும் இருக்கிற வெங்கடேசன், முருகன் வேண்டாம்.
– வாசகர், காட்பாடி

இதற்கு நீளமாகவே பதில் சொல்லலாம். கோயிலைச் சுற்றிப் பெயர்கள் முளைத்த பகுதி இது.

விரிஞ்சிபுரத்து ஈசன் மார்க்கபந்தீஸ்வரர், வழித்துணைநாதர். அதனால் வேலூர்ச் சுற்றுவட்டாரத்தில் ஒரு தலைமுறைக்கு முன்வரை மார்க்கபந்து, மார்க்கசகாயம் என்ற பெயர்கள் சாதாரணம். வெளியூரில் இந்தப் பெயரைக் கேட்டால் "உங்களுக்கு வேலூர் பக்கமா?" என்று விசாரிப்பார்கள். சுருக்கினால் 'பந்து' ஆகிவிடும், அது ஒன்றுதான் குறை. சகாயம் என்று முடிவதில் அந்தத் தொல்லை கிடையாது. தமிழாகவே வேண்டுமென்றால் வழித்துணை என்றே வைக்கலாம். அரிய பெயர், சொல்லவும் எளிது.

திருவலத்தில் வில்வநாதேஸ்வரர் என்பதால் வில்வநாதன். திருத்தணியிலிருந்து தணிகாசலம், தணிகைவேல், தணிகைமலை. அந்த ஊர் 1960-ல்தான் ஆந்திரத்திலிருந்து நம் மாநிலத்துக்கு வந்தது என்றாலும் பெயர்கள் எல்லை பார்க்கவில்லை. 'தணிகை' என்ற சுருக்கம் இன்றைய காதுக்கும் புதுசாகவே ஒலிக்கும். பழைய பெயர் வேண்டும், பழசாகத் தெரியவும் கூடாது என்பவர்களுக்கு எங்கள் முதல் சிபாரிசு இதுதான்.

1911-ல் சித்தூர் மாவட்டம் பிரியும்வரை திருப்பதியும் காளத்தியும் வடஆற்காட்டில்தான் இருந்தன. ஏழுமலை, திருமலை, வெங்கடாசலம், சேஷாசலம், காளத்தி எல்லாம் அந்தப் பக்கத்து உறவு. 1989-ல் பிரிந்த திருவண்ணாமலை தந்தவை அண்ணாமலை, அருணாசலம், பிச்சாண்டி. அருணாசலம் என்று வைத்தால் 'அருண்' ஆகிவிடும். அதற்கு நேராக அருண் என்றே வைத்துவிட்டுப் போகலாம்.

படவேட்டு ரேணுகாம்பாளைக் குலதெய்வமாகக் கும்பிடும் வீடுகளில் எல்லப்பன், ரேணுகோபால். இதில் ரேணுகோபாலுக்கு ஒரு கஷ்டம், கூப்பிடும்போது 'ரேணு' என்று பெண் பெயராகிவிடும். குடியாத்தம் கெங்கையம்மனின் பக்தர்கள் கங்காதரன் என்பார்கள். முனீஸ்வரன் வழியாக முனுசாமி, முனிரத்தினம், முனியப்பன். இதில் முனிரத்தினம் இன்னும் கம்பீரம் குறையாமல் இருக்கிறது.

காங்கேயநல்லூர்க்காரரான வாரியார் சுவாமிகளை நினைத்துக் கிருபானந்தன் என்று வைத்த வீடுகளும் உண்டு. உங்கள் ஊர் காட்பாடி என்பதால் நினைவூட்டுகிறோம், பக்கத்து ஊர்தானே.

சோளிங்கர் பெருமாள்தான் எங்கள் குலதெய்வம். பாட்டன், முப்பாட்டன் இருவர் பெயரும் கடிகாசலம். மகனுக்கு வைக்க ஆசை, மனைவி சிரிக்கிறார்.
– வாசகர், அரக்கோணம்

அவர் எதற்குச் சிரிக்கிறார் என்பது தெரிகிறது. முன்பாதியைச் சுருக்கினால் 'கடி'. பின்பாதியைச் சுருக்கினால் 'சலம்', அது அதைவிட மோசம். நடுவில் பிடிக்க ஒன்றுமே இல்லாத பெயர் இது.

ஆனால் சோளிங்கர் கடிகை மலைப் பெருமாளுக்கு வேறு பெயர்களும் இருக்கின்றன. மூலவர் யோக நரசிம்மர். நரசிம்மன், யோகன் இரண்டும் கைவசம். உற்சவர் பக்தவத்சலர், பக்தவத்சலம் என்று எழுதி 'வத்சன்' என்று கூப்பிடலாம். திருமங்கையாழ்வார் இந்தப் பெருமாளை அக்காரக்கனி என்று பாடியிருக்கிறார். 'கனி' என்று கூப்பிட இனிக்கும், ஆனால் பெண் பெயரோ என்று பள்ளியில் கேட்பார்கள். எங்கள் வாக்கு பக்தவத்சலத்துக்கு. குலதெய்வத்தின் பெயர்தான் என்பதால் பாட்டனாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெயர் முடிவாகவில்லை. குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தும்போதுதான் வைப்போம். அதுவரை பிறப்பைப் பதியாமல் இருக்கலாமா?
– வாசகி, போளூர்

கூடாது. பிறப்பைப் பதிவதும் பெயரைப் பதிவதும் தனித்தனி வேலைகள். பிறந்த 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்துவிட வேண்டும். பெயர் இடம் காலியாக இருக்கலாம். மருத்துவமனையில் பிறந்திருந்தால் தகவலை அவர்களே அனுப்ப வேண்டும் என்பது சட்டம். ஆனாலும் வீட்டுக்குக் கிளம்பும் முன், அப்பா, அம்மா பெயரை என்ன எழுத்தில் அனுப்பியிருக்கிறார்கள் என்று கேட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். பிழை நுழையும் முதல் வாசல் அதுதான். அங்கே குழந்தைக்குப் பெயர் 'பேபி ஆஃப்' போட்டு அம்மா பெயர். டிஸ்சார்ஜ் சீட்டிலும் தடுப்பூசி அட்டையிலும் அப்படித்தான் இருக்கும். இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

பதிவு செய்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயரைச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். மொட்டையை ஒரு வயது முடிந்து ஆடி கழித்து வைத்துக்கொண்டால் இலவசக் காலம் தாண்டிவிடும். பெயரை முன்கூட்டியே முடிவு செய்து தாளில் ஏற்றிவிடுங்கள். காதில் மூன்று தரம் சொல்வதைக் கோயிலில் வைத்துக்கொள்ளுங்கள். சாமிக்கு எந்தத் தாளும் காட்ட வேண்டியதில்லை.

எங்கே போவது என்பதில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். குழந்தை எந்த ஊரில் பிறந்ததோ அந்த ஊர்ப் பதிவாளரிடம்தான் பெயர் சேர்க்க முடியும். நீங்கள் குடியிருக்கும் ஊரில் அல்ல. முதல் பிரசவம் அம்மா வீட்டில் என்பது நம் வழக்கம். பெண்ணின் தாய்வீடு வேலூராக இருந்து, பிரசவம் மாநகராட்சி எல்லைக்குள் நடந்திருந்தால், போளூர் நகராட்சி அலுவலகத்தில் எத்தனை முறை வரிசையில் நின்றாலும் பயன் இல்லை. கிராம ஊராட்சியில், வீட்டிலேயே பிறந்திருந்தால் கிராம நிர்வாக அலுவலரைப் பார்க்க வேண்டும்.

கையில் கொண்டுபோக வேண்டியவை: பெயரில்லாத பிறப்புச் சான்று, பெற்றோர் இருவரின் ஆதார், பெயர் சேர்க்கக் கோரும் விண்ணப்பம். கூடவே, நீங்கள் சேர்க்க விரும்பும் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு துண்டுத் தாள். வாயால் சொல்லாதீர்கள். காரணம் அடுத்த பதிலில்.

ஆறுமுகம், ஏழுமலை, அண்ணாமலை போன்ற பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். எது சரி?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வாணியம்பாடி

சரி என்று ஒன்று கிடையாது. ஒரே மாதிரி என்று ஒன்று உண்டு. பழைய பெயர் வைப்பதில் உண்மையான ஆபத்து இந்த இடத்தில்தான் இருக்கிறது, கிண்டலில் அல்ல.

எங்கெல்லாம் வழுக்கும் என்று சொல்கிறோம். ழகரத்துக்குச் சிலர் 'இசட் எச்', சிலர் வெறும் 'எல்'. ஏகாரத்தில் தொடங்கினால் சிலர் 'இ', சிலர் முன்னால் ஒரு 'ஒய்' சேர்ப்பார்கள். இந்த இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டாலே ஏழுமலைக்கு நாலு எழுத்துமுறை வந்துவிடும். ஆறுமுகத்தில் தொடக்கத்தில் ஒரு 'ஏ'வா இரண்டா, 'ஜி'க்குப் பின்னால் 'எச்' உண்டா இல்லையா. அருணாசலத்தில் 'எஸ்'ஸா 'சி எச்'சா. சாமி என்று முடியும் பெயர்களில் நடுவில் 'டபிள்யூ' உண்டா, கடைசியில் 'ஐ'யா 'ஒய்'யா. 'டி' போட்டால் தகரமா டகரமா என்று யாருக்கும் தெரியாது, 'டி எச்' போட்டால் தகரம் என்றாவது தெரியும்.

இன்னொரு கோளாறு, பெயரை உடைப்பது. அண்ணாமலையை 'அண்ணா' ஓர் இடைவெளி 'மலை' என்று தட்டச்சு செய்துவிடுவார்கள். அப்புறம் ஒவ்வொரு கணினியும் 'மலை'யைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். முனுசாமி, ஏழுமலை, ஆறுமுகம், வேலாயுதம் எல்லாம் இதில் மாட்டும். தாளில் எழுதித் தரும்போது ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று கட்டம் போட்டு எழுதுங்கள், இடையில் காலிக் கட்டம் வராமல்.

எங்கள் யோசனை இது. ழகரத்துக்கு 'இசட் எச்' போடுங்கள். தமிழறியாதவர் தப்பாகப் படித்தாலும் தமிழறிந்தவர் சரியாகப் படிப்பார். நெடிலுக்கு இரட்டை எழுத்து வேண்டாம், ஒன்று போதும். மற்றபடி எழுத்து எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. தாத்தாவின் ஓய்வூதியப் புத்தகத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் அப்பாவின் பெயர் அவர் ஆதாரில் எப்படி இருக்கிறதோ, மகனின் சான்றில் அதே எழுத்தில் இருந்தாக வேண்டும்.

தமிழ்ப் பக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். 'ஆருமுகம்', 'அன்னாமலை', 'ஏலுமலை' என்று அச்சான சான்றுகள் எத்தனையோ. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் தமிழிலும் பெயர் வரும். சான்றைப் பதிவிறக்கியதும் விரல் வைத்து ஓர் எழுத்தாகப் படித்துப் பாருங்கள், ஐயா. பிள்ளைகளின் விடைத்தாளைத் திருத்திய கண்தானே.

மகனுக்கு 'தர்ஷித்' என்று பதிந்துவிட்டோம். இப்போது அப்பா, தன் அப்பா பெயரான வேலாயுதம் என்று மாற்றச் சொல்கிறார். முடியுமா?
– வாசகர், ராணிப்பேட்டை

பெயர் சேர்ப்பது, திருத்துவது, மாற்றுவது மூன்றும் வேறு வேறு. காலியாக இருந்தால் சேர்க்கலாம். எழுத்துப் பிழை என்றால் ஆதாரம் காட்டித் திருத்தலாம். பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. தர்ஷித்தை வேலாயுதமாக்குவது பிழைத்திருத்தத்தில் வராது. அதற்குத் தமிழ்நாடு அரசிதழில் பெயர் மாற்ற அறிவிப்பு வெளியிட வேண்டும். எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையிடம் குழந்தைக்காகப் பெற்றோர் விண்ணப்பிக்க வேண்டும். பிறகு அந்த அரசிதழ்ப் பக்கத்தை வைத்து ஆதார் முதல் ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போக வேண்டும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். அதில் ஒன்றைப் பால்குடி வயதிலேயே செலவழிக்கிறீர்கள்.

2023 அக்டோபர் 1-ஆம் தேதி முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றுதான் ஆதாரம். அந்தத் தாளும் மற்றத் தாள்களும் வேறு வேறு பெயர் சொல்லாமல் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். வீட்டில் வேலு என்று கூப்பிடுங்கள். உங்கள் அப்பாவுக்கு வேண்டியது காதில் விழும் பெயர்தான். சான்றை எடுத்துப் படித்துப் பார்த்துக்கொண்டிருக்கப் போவதில்லை.

நட்சத்திர எழுத்துக்குப் பழைய பெயர் பொருந்துமா? எண்கணிதக்காரர் ஓர் எழுத்து கூட்டச் சொல்கிறார்.
– வாசகி, ஆற்காடு

நட்சத்திரத்துக்குப் பொருந்தும், தேடினால். கார்த்திகைக்கு அ, இ, உ, எ என்பதால் அண்ணாமலை, எல்லப்பன். மிருகசீரிடத்துக்கு வே, வோ, கா, கி என்பதால் வேலாயுதம், காளத்தி, கிருபானந்தன். மகத்துக்கு ம, மி, மு, மெ என்பதால் முனிரத்தினம், முருகேசன். ரோகிணிக்கு ஒ, வ, வி, வு என்பதால் வரதராசன், வில்வநாதன். பொருந்தாவிட்டால், சடங்கில் காதில் சொல்வது நட்சத்திரப் பெயர், பதிவேட்டில் போவது தாத்தா பெயர் என்று வைத்துக்கொள்ளும் வீடுகள் நிறைய.

எண்கணிதத்துக்காக ஆங்கிலத்தில் எழுத்து கூட்டாதீர்கள். நம்பிக்கையைப் பற்றிப் பேசவில்லை, தட்டச்சு செய்பவரைப் பற்றிப் பேசுகிறோம். ஆறுமுகத்துக்கு மூன்று 'எம்' என்று நீங்கள் பத்து இடத்தில் சொன்னால் எட்டு இடத்தில் இரண்டுதான் போடுவார்கள்.

தாத்தா பெயர் குப்பன். மகனுக்கு அதை வைக்கிறேன் என்றேன். "அந்தப் பெயரோடு நாங்கள் பட்டது போதும், பேரனுக்கு வேண்டாம்" என்று அப்பா எழுந்து போய்விட்டார். பாசத்தில் கேட்டது தப்பா?
– வாசகர், கலவை

தப்பில்லை. ஆனால் உங்கள் அப்பா சொல்வதைத் தள்ளிவிடவும் முடியாது.

குப்பன், குப்புசாமி, பிச்சை என்ற பெயர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு துக்கம் இருக்கும். முன்னால் பிறந்தவை தங்காத வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் உருட்டி எடுப்பார்கள், தவிட்டுக்கு விற்று வாங்குவார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை என்று எமன் நினைத்துக்கொண்டு போகட்டும் என்பது கணக்கு. எல்லாச் சாதியிலும் இந்த வழக்கம் இருந்தது. கூகுள் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு 2015-ல் வந்தவர் பெயரிலும் ஒரு பிச்சை இருக்கிறது, யாரும் சிரிக்கவில்லை.

ஆனால் ஊர்த்தெருவில் குப்புசாமி என்று மரியாதையாக எழுதப்பட்ட அதே பெயர், காலனித் தெருவில் குப்பன் என்று வெட்டி எழுதப்பட்டது. 'சாமி' என்ற வாலைச் சேர்த்துச் சொல்ல ஆண்டைகளுக்கு மனம் வரவில்லை. வயதில் பேரன் போல இருப்பவனும் "டேய் குப்பா" என்று கூப்பிடுவான். அந்தக் குரல் உங்கள் அப்பாவின் காதில் இன்னும் இருக்கலாம். உங்களுக்கு அது தாத்தா பெயர். அவருக்கு அது தன் அப்பாவைக் கூப்பிட்ட விதம். பழைய பெயர் எல்லா வீட்டிலும் ஒரே பொருள் தருவதில்லை என்பதைப் 'பழமைக்குத் திரும்புவோம்' என்று பேசுகிறவர்கள் நினைப்பதே இல்லை.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. தாத்தாவின் கூடப் பிறந்தவர்கள் யாராவது இருந்தால், வீட்டுக்குள் அவரை எப்படிக் கூப்பிட்டார்கள் என்று கேளுங்கள். குப்புசாமி என்றோ, வேறு செல்லப் பெயரோ இருந்திருக்கும். அந்தப் பெயரை உங்கள் அப்பா முன்னால் சொல்லிப் பாருங்கள். முகம் மலர்ந்தால் வையுங்கள். இல்லையென்றால் முடிவை அவரிடமே விட்டுவிடுங்கள்.

தமிழ்ச்செல்வன், இளங்கோவன், மதியழகன் எல்லாம் பழைய பெயர்களா?
– வாசகர், வேலூர்

இப்போது ஆகிவிட்டன. திராவிட இயக்கத்தில் நாராயணசாமி நெடுஞ்செழியனாகவும், ராமையா அன்பழகனாகவும் மாறிய காலத்தில் அவை புத்தம்புதுப் பெயர்கள். அன்றைய பழசுகளை ஓரம் கட்டியதே அவைதான். இன்று அந்தப் பெயர் உள்ளவர்கள் தாத்தாக்கள். இந்த வரிசையில் நல்ல வசதி ஒன்று இருக்கிறது: செல்வன், இளங்கோ, மதி, அன்பு என்று எப்படிச் சுருக்கினாலும் நன்றாகவே இருக்கும்.

தாத்தாவின் பெயர் அப்துல் கரீம். பேரனுக்கும் அதுவே. பள்ளியில் 'அப்துல்' என்று மட்டும் எழுதிக்கொண்டார்கள். பரவாயில்லையா?
– வாசகர், மேல்விஷாரம்

மாற்றச் சொல்லுங்கள். அப்துல் தனியே நிற்கும் பெயர் அல்ல. அடியான் என்று பாதியில் நிற்கிறது, யாருடைய அடியான் என்பது அடுத்த சொல்லில்தான் வருகிறது. தமிழிலும் ஆங்கிலத்திலும் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக, அப்துல்கரீம் என்று பதிந்துவிட்டால் யாராலும் பாதியை வெட்ட முடியாது. கூப்பிடச் சுருக்கம் வேண்டுமென்றால் 'கரீம்' என்பார்கள். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒரே பெயர் என்பதால், பின்னால் பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர்க் கட்டத்தில் பிள்ளையின் அப்பா பெயரைப் போடுங்கள், இருவரும் வேறு வேறு ஆளாகிவிடுவார்கள்.

எங்கள் பக்கம் தோல் கம்பெனி வேலையாகத் துபாய் போய் வருகிறவர்கள் அதிகம். ஒற்றைப் பெயர் இருந்தால் விடமாட்டார்களாமே?
– வாசகர், ஆம்பூர்

2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் அப்படி ஒரு விதி கொண்டுவந்தது. சுற்றுலா விசாவில் வருபவரின் பாஸ்போர்ட்டில் பெயர், குடும்பப் பெயர் என்ற இரண்டு கட்டத்தில் ஒன்று காலியாக இருந்தால் அனுமதி இல்லை. ஆனால் பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் ஏற்றுக்கொள்வோம் என்றார்கள். நம்மூர் இனிஷியல் முறையை எந்த வெளிநாட்டுக் கணினியும் புரிந்துகொள்ளாது. அதனால் மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்கும்போதே இனிஷியலை விரித்து, பெயர்க் கட்டத்தில் தணிகைவேல், குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் என்று இரண்டையும் நிரப்பிவிடுங்கள். பிறப்புச் சான்றில் இனிஷியல் போட வேண்டாம். குழந்தை பெயர் தனியாகவும் அப்பா பெயர் முழுதாக அதற்குரிய இடத்திலும் இருந்தால் போதும்.

தாத்தா மு. முனுசாமி, அவர் அப்பா முத்து. என் பெயர் முருகன். மகனுக்கு முனுசாமி என்று வைத்தால் அவனும் மு. முனுசாமி. நிலம் தாத்தா பெயரில் இருக்கிறது. குழப்பம் வருமா?
– விவசாயி, அணைக்கட்டு

பத்திரத்தில் வராது. நம் பத்திரங்களில் 'தகப்பனார் பெயர்' கட்டாயம் எழுதுவார்கள். தாத்தா முத்துவின் மகன், பையன் முருகனின் மகன். வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் வரும், அங்கே இனிஷியலோடு நிறுத்திவிடுவார்கள். வில்லங்கச் சான்றில் பெயரை மட்டும் பார்த்து யாராவது அவசரப்பட்டால் சந்தேகம் கிளம்பும். எனவே பையன் பெயரில் கணக்குத் தொடங்கும்போது 'முருகன் மகன் முனுசாமி' என்று முழுதாகக் கொடுங்கள். முக்கியமான வேலை வேறு: தாத்தா இருக்கும்போதே நிலத்தைத் தான செட்டில்மென்ட் எழுதிப் பட்டாவை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் காலமாகியிருந்தால் வாரிசுச் சான்று வாங்கி மாற்றுங்கள். பேரன் வளர்ந்து, பட்டாவில் இருக்கும் முனுசாமி யார் என்று கிராம நிர்வாக அலுவலர் கேட்கும் நிலைக்கு விடாதீர்கள்.

இரண்டு தாத்தாக்களும் விட்டுக்கொடுக்கவில்லை. வேலாயுத முனிரத்தினம் என்று சேர்த்து வைத்துவிடலாமா?
– வாசகி, திருப்பத்தூர்

வேண்டாம். படிவத்தில் கட்டம் போதாது, பாதியில் வெட்டுவார்கள். எந்தத் தாத்தா பாதியில் நிற்கிறார் என்று அதற்கும் ஒரு சண்டை வரும். முதல் பிள்ளைக்கு அப்பா வழித் தாத்தா என்பது நம் பக்கத்துப் பழைய கணக்கு. அம்மா வழித் தாத்தாவிடம் அடுத்த பிள்ளைக்கு என்று சொல்லி வையுங்கள். அடுத்தது பெண்ணாகப் பிறந்தால் ரத்தினா என்று வைத்தால் போயிற்று.